உபயம்... யார் பெயரை எழுதுவது?

கோயிலுக்குப் போகிறோம். சந்நிதிக்கு எதிரே கண்ணை மூடி, கைகூப்பி நிற்கிறோம். கண்ணைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது எது? சுவாமியா? இல்லை... தலைக்கு மேலே தொங்கும் ட்யூப் லைட்! 'உபயம்: இன்னார் ஸ்டோர்ஸ், இன்ன தெரு' என்று சிவப்பு பெயின்ட்டில் கொட்டை எழுத்துக்கள். எழுத்து விளக்கைப் பாதி மறைத்துவிட, மிச்சமிருக்கும் வெளிச்சத்தில்தான் நமக்கு சுவாமி தரிசனம்.

'கொடுத்ததே நாலு விளக்கு. அதுக்கு நாற்பது எழுத்தா!' என்று பிராகாரம் சுற்றும்போது நாம் எத்தனை முறை கேலி பேசிச் சிரித்திருப்போம். நானும் அப்படிச் சிரித்தவள்தான். ஆனால், ஒரு தை மாதப் பௌர்ணமிக்குப் பிறகு அப்படிச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. அன்று நடந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

எங்கள் தெருமுனையில் இருக்கும் பிள்ளையார் கோயில் சின்னக் கோயில்தான். ஆனாலும், மாதாமாதம் பௌர்ணமியன்று அங்கே அன்னதானம் உண்டு. சாம்பார் சாதம், தயிர் சாதம், கொஞ்சம் சுண்டல். கட்டட வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்கள், மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள், ஆட்டோ ஸ்டாண்டு டிரைவர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருக்க தனியாகக் காலம் தள்ளும் பெரியவர்கள் என்று நூறு பேருக்குக் குறையாமல் சாப்பிடுவார்கள். பதினோரு வருடங்களாக ஒரு மாதம்கூடத் தடைப்பட்டதில்லை.

அந்தப் பௌர்ணமியன்று காலையில், காய் நறுக்கிக் கொடுக்கலாம் என்று நாங்கள் நாலைந்து பெண்கள் போயிருந்தோம். அடுப்பு மூட்டவில்லை. குருக்கள் தயங்கித் தயங்கி, "இந்த மாசம் அரிசி வரலைம்மா" என்றார்.

"எங்கேயிருந்து வரணும்?" என்று கேட்டேன்.

"அண்ணாச்சி கடையிலேர்ந்துதான். மாசம் ஒரு சிப்பம் அரிசி, அஞ்சு கிலோ துவரம்பருப்பு, எண்ணெய், புளி எல்லாமே அவர் உபயம்தான். முதல் மாசத்துலேர்ந்து..."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இத்தனை வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"பேரை வெளியில சொன்னா அடுத்த மாசம் அனுப்ப மாட்டேன்னு கறாரா சொல்லிட்டார்மா. நான் என்ன பண்ணட்டும்?"

அண்ணாச்சியின் மளிகைக்கடையை மூடிப் பத்து நாட்கள் ஆகியிருந்தன. ஏன் மூடினார் என்பது எங்கள் எல்லோருக்குமே தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன்பு மெயின் ரோட்டில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் வந்தது. ஏ.சி. குளுமை, தள்ளுவண்டி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்... ஒவ்வொரு வீட்டு மாத மளிகை லிஸ்ட்டும் அங்கே இடம் மாறியது. அண்ணாச்சி கடைக்கு நாங்கள் எட்டிப் பார்த்ததெல்லாம், அவசரத்துக்கு அரை லிட்டர் பாலுக்கும், கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலைக்கும்தான். வியாபாரம் படுத்துப்போன அந்த இரண்டு வருடங்களிலும் அவர் பௌர்ணமி அரிசியை நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். மனது ஆறவில்லை. அவர் கொடுத்த அரிசியில் வெந்த பிரசாதத்தைத் தொன்னையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதே கையோடு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் லிஸ்ட்டை நீட்டியிருக்கிறேன். எத்தனை மாதங்கள்! 'தெரியாது' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால், தெரிந்துகொள்ள நான் ஒரு முறையாவது முயன்றேனா?

அன்று முதல் ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. தர்மம் செய்கிற வியாபாரியின் பெயரை நாலு பேர் அறியச் சொல்வது சரியா, தவறா?

கொடுப்பவர் மறக்க வேண்டும்

'வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது' என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த பேச்சு. பகவத் கீதையின் பதினேழாவது அத்தியாயத்தில் பகவான் கிருஷ்ணர் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறார். கொடுப்பது கடமை என்று நினைத்து, திருப்பி எதையும் எதிர்பாராமல், தகுந்த இடத்தில், தகுந்த காலத்தில், தகுந்தவருக்குக் கொடுப்பது சாத்விக தானம். பலனை எதிர்பார்த்தோ, மனம் நொந்தோ கொடுப்பது ராஜஸ தானம். வாங்குபவரை அவமதித்து, இடம் காலம் பாராமல் கொடுப்பது தாமஸ தானம். விளம்பரத்துக்காகக் கொடுக்கும் ட்யூப் லைட் இதில் எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை. தைத்திரீய உபநிஷதமும், கொடுக்கும்போது சிரத்தையோடு கொடு என்பதோடு, வெட்கத்தோடு கொடு என்றும் சொல்கிறது. 'இவ்வளவுதானே என்னால் முடிந்தது' என்கிற கூச்சம் அது.

அப்படிப் பார்த்தால், பெயரே வேண்டாம் என்ற அண்ணாச்சி செய்தது நூற்றுக்கு நூறு சரி. அப்படியானால் நம் முன்னோர் கோயில் சுவரெங்கும் கொடுத்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்களே, அது ஏன்?

கல்வெட்டு என்பது விளம்பரமா?

தஞ்சைப் பெரிய கோயில் 1010-ஆம் ஆண்டு வாக்கில் நிறைவு பெற்றது. தான் கொடுத்தவற்றையும், தன் அக்கா குந்தவை கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டும்படி ராஜராஜ சோழன் ஆணையிட்டான். 'மற்றவர்கள்' என்று சேர்த்தானே, அதை கவனியுங்கள். பேரரசன் கொடுத்ததும், பெயர் தெரியாத ஓர் அன்பர் கொடுத்ததும் ஒரே கோயில் சுவரில் பதிவாகியிருக்கின்றன. அதுவும் எப்படி? 'தங்கப் பாத்திரம் ஒன்று' என்று போகிற போக்கில் எழுதவில்லை. 'ஆடவல்லான்' என்ற பெயருள்ள எடைக்கல்லால் நிறுத்து, இத்தனை எடை என்று கணக்காக எழுதி வைத்தார்கள்.

சோழர் காலக் கோயில்களில் நந்தா விளக்கு எரிக்க ஆடுகளைத் தானமாகக் கொடுப்பது வழக்கம். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள். அவற்றை ஓர் இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் தினமும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழடானதற்கும் இறந்ததற்கும் பதிலாகக் குட்டிகளை வளர்த்து, மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் அவற்றை 'சாவா மூவாப் பேராடுகள்' என்றார்கள். சாகாத, மூப்படையாத ஆடுகள்! என்ன அழகான பெயர். ஆடு சாகும், கொடுத்தவரும் ஒரு நாள் போய்விடுவார். தர்மம் மட்டும் சாகக்கூடாது. யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, யார் பொறுப்பு என்று எழுதி வைத்தால்தான் அது சாகாமல் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பல கல்வெட்டுகளின் முடிவில், இந்த தர்மத்தைக் காப்பாற்றுகிறவர்களின் திருவடி என் தலைமேல் இருக்கட்டும் என்ற கருத்தில் ஒரு வாசகம் வரும். கொடுத்தவர், பிற்காலத்தில் அதைக் காக்கப்போகிற முகம் தெரியாத ஒருவரின் காலில் விழுகிறார்! இதில் எங்கே இருக்கிறது தற்பெருமை?

வியாபாரிகளும் இதில் பின்தங்கவில்லை. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் ஒன்றுகூடி, தாங்கள் விற்கிற சரக்குகளின் மேல் இவ்வளவு என்று ஒரு தொகையைக் கோயிலுக்காக ஒதுக்கினார்கள். உப்பு, நெல், மிளகு, பாக்கு, சீரகம், கடுகு என்று அந்தப் பட்டியலைப் படித்தால் நம் வீட்டு மளிகை லிஸ்ட் போலவே இருக்கும்!

இந்த வழக்கம் அதோடு முடிந்துவிடவில்லை. விருதுநகர், சிவகாசிப் பக்கம் வியாபாரிகள் 'மகமை' என்று விற்பனையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கிப் பொதுநிதி சேர்த்தார்கள். கோயிலும் பள்ளிக்கூடமும் அதில் வளர்ந்தன. காமராஜர் படித்த விருதுநகர் க்ஷத்ரிய வித்யாசாலா, வீட்டுக்கு வீடு பெண்கள் எடுத்து வைத்த பிடி அரிசியால் நடந்த பள்ளி. கடையில் மகமை, அடுக்களையில் பிடி அரிசி! 

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பச்சையப்ப முதலியார் கதையே போதும். சென்னையில் துபாஷியாக இருந்து பெரும் பொருள் ஈட்டியவர் அவர். காசி முதல் ராமேஸ்வரம் வரை கோயில் தர்மங்கள் நடக்க வேண்டும் என்று உயில் எழுதி வைத்துவிட்டு 1794-ல் காலமானார். அதன் பிறகு பல வருடங்கள் அந்தச் சொத்து வழக்கிலும் தகராறிலும் சிக்கிக் கிடந்தது. கடைசியில் நீதிமன்றம் தலையிட்டு தர்மத்தை மீட்டது. பணம் பெருகியிருந்ததால் கோயில் கைங்கர்யம் போக, மிச்சத்தில் 1842-ல் சென்னையில் ஒரு பள்ளியும் தொடங்கினார்கள். அதுதான் பிறகு பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. அன்று அவர் எழுதி வைத்த உயில் இல்லாவிட்டால், மீட்பதற்கு என்ன இருந்திருக்கும்?

ஆக, பெயர் எழுதுவது எல்லாமே விளம்பரம் ஆகிவிடாது. தர்மத்துக்குச் சாட்சியாகவும், அது நடக்கிறதா என்று நாளைக்குக் கேட்பவருக்கு ஆதாரமாகவும் எழுதலாம்.

அப்பர் கேட்ட கேள்வி

திருவையாற்றுக்கு அருகில் உள்ள திங்களூருக்கு நம்மில் பலர் நவகிரக யாத்திரையாகப் போயிருப்போம். அந்த ஊரில் வாழ்ந்தவர் அப்பூதி அடிகள். அவர் தண்ணீர்ப் பந்தல் வைத்தார், குளம் வெட்டினார், சாலை அமைத்தார். அத்தனைக்கும் அவர் வைத்த பெயர், தான் நேரில் பார்த்தேயிராத திருநாவுக்கரசரின் பெயர்!

ஒரு நாள் திருநாவுக்கரசரே அந்த வழியாக வருகிறார். தண்ணீர்ப் பந்தலில் தன் பெயரைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார். அப்பூதியார் வீட்டுக்கே போய், 'நீங்கள் வைத்த பந்தலுக்கு உங்கள் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன்?' என்று கேட்கிறார். வந்தவர் யார் என்று தெரியாததால், 'நாவுக்கரசரின் பெருமை தெரியாமல் கேட்கிறாரே!' என்று அப்பூதியாருக்குக் கோபமே வந்துவிடுகிறது.

இந்தக் கதையில் நான் ரசிப்பது, அப்பரின் கேள்வியை. தர்மம் செய்தவர் தன் பெயரை எழுதிக்கொள்வதை அவர் இயல்பாகவே எடுத்துக்கொண்டார். எழுதாததுதான் அவருக்கு ஆச்சரியம்! இன்னொன்றும் பாருங்கள். அப்பூதியார் தன் பெயரை மறைத்தார். ஆனால், திங்களூர் மக்கள் மறக்கவில்லை. இது யார் வைத்த பந்தல் என்று அப்பர் விசாரித்தபோது, அப்பூதியாரின் பெயரையும் அவர் செய்த தர்மங்களையும் அவர்கள்தான் எடுத்துச் சொன்னார்கள்.

திருநின்றவூர் பூசலாரை நினைத்துப் பாருங்கள். கையில் காசில்லாமல் மனதுக்குள்ளேயே கோயில் கட்டியவர். யாரிடமும் அவர் சொல்லவில்லை. ஆனால், காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய காடவர் மன்னனின் கனவில் ஈசனே வந்து, 'நாளை பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறேன். உன் கும்பாபிஷேகத்தைத் தள்ளி வை' என்றார். கொடுத்தவர் மறைத்த பெயரை, வாங்கிக்கொண்ட இறைவன் ஊருக்குச் சொன்னான்.

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. மறப்பது கொடுப்பவரின் தர்மம். மறக்காமல் இருப்பது வாங்கியவரின் தர்மம். நாம் இரண்டையும் குழப்பிக்கொண்டோம். 'அவரே வேண்டாம் என்றுவிட்டார்' என்று நாமும் மறந்துவிட்டோம். அடக்கம் அவருக்கு அழகு. நம் மறதிக்கு அதைச் சாக்காகச் சொல்ல முடியுமா? வள்ளுவர், செய்ந்நன்றி அறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்தது வாங்கியவர்களாகிய நமக்காகத்தானே!

தராசில் ஏறிய வணிகர்

அதற்காக, பணம் கொடுத்தவருக்கெல்லாம் பொன்னாடை போர்த்திவிடலாமா? கூடாது. அமர்நீதி நாயனார் பழையாறையில் வாழ்ந்த வணிகர். அடியார்களுக்கு அன்னமிட்டு, உடையும் கோவணமும் கொடுத்தவர். அவரைச் சோதிக்க வந்த இறைவன் எதை எடுத்தான் தெரியுமா? தராசை! ஒரு தட்டில் ஒரு கோவணம். மறு தட்டில் அவருடைய செல்வம் முழுவதும். சமமாகவில்லை. கடைசியில் மனைவி, மகனோடு அவரே தட்டில் ஏறினார். அப்போதுதான் தராசு நேரே நின்றது.

வியாபாரிக்கு முதல் சோதனை அவருடைய தராசில்தான். எடையில் கிராம் கிராமாகத் திருடி, கடைப் பையனுக்குச் சம்பளத்தை இழுத்தடித்து, பௌர்ணமிக்கு மட்டும் மூட்டை அனுப்பினால் பிள்ளையார் ஏமாந்துவிட மாட்டார். ஆகவே, ஒருவரை கௌரவிக்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். நேர்மையாகச் சம்பாதித்ததா? தன்னிடம் வேலை செய்பவர்களை நன்றாக வைத்திருக்கிறாரா? ஒரு நாள் படம் எடுத்துக்கொண்டு போய்விடாமல் தொடர்ந்து செய்கிறாரா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால், கொடுத்தது ஒரு சிப்பமோ ஒரு படியோ, அவர் கௌரவத்துக்கு உரியவர்.

பெரிய கம்பெனிகளுக்கு 2013-ஆம் வருடத்துக் கம்பெனிகள் சட்டம் ஒரு கடமை வகுத்திருக்கிறது. குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட நிறுவனங்கள், தங்கள் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். நம் தெருமுனைக் கடைக்காரருக்கு அந்தச் சட்டம் இல்லை. மனசாட்சிதான் சட்டம். அவரை நாம் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள்?

நாம் செய்யக்கூடியது

விழா எடுக்க வேண்டாம். வெள்ளித் தட்டும் வேண்டாம். கோயில் வாசலில் ஒரு கரும்பலகை போதும். 'இந்த மாத அன்னதானம்: அரிசி இவர், பருப்பு இவர், விறகு இவர், சமைத்தவர் இவர்' என்று சாக்பீஸால் எழுதுங்கள். பெரிய கடைக்கும் பிடி அரிசி கொடுத்த பாட்டிக்கும் ஒரே அளவு எழுத்து. அடுத்த மாதம் அழித்துப் புதிதாக எழுதுங்கள். யாருக்கும் கர்வம் ஏறாது. தர்மம் ஒரு மாதம் நின்றாலும் உடனே தெரிந்துவிடும்.

பெயரே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அது சங்கல்பம். அர்ச்சனையின்போது நம் குடும்பத்தார் பெயரும் நட்சத்திரமும் சொல்கிறோம் அல்லவா? அதோடு கொடுத்தவரின் குடும்பத்துக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். ட்யூப் லைட்டில் எழுதினால் ஊர் பார்க்கும். சங்கல்பத்தில் சொன்னால் சுவாமி கேட்பார்.

மூன்றாவது, மிகச் சுலபம். ஊருக்குக் கொடுக்கிற கடையில் பொருள் வாங்குங்கள். லிஸ்ட்டில் பாதியாவது அங்கே போகட்டும். கடை நடந்தால்தானே தர்மம் நடக்கும்? 96 ஆடுகளை வைத்துக்கொண்டு நெய் அளந்தவர்களின் வாரிசுகள் நாம். மந்தை குறையாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

அந்தத் தைப் பௌர்ணமியன்று எங்கள் கோயிலில் அடுப்பு எரிந்தது. ஆளுக்கு இரண்டு படி அரிசி வீட்டிலிருந்து கொண்டு வந்தோம். இப்போது பன்னிரண்டு வீடுகளில் தினமும் உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறோம். காஞ்சி மகா சுவாமிகள் வலியுறுத்திய பிடி அரிசித் திட்டம் எங்களுக்கு இப்போதுதான் உறைத்தது.

குருக்களிடம் நம்பர் வாங்கி, சொந்த ஊருக்குப் போய்விட்ட அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி, "எங்களை மன்னிச்சிடுங்க அண்ணாச்சி" என்றேன்.

"என்னம்மா பெரிய வார்த்தையெல்லாம் சொல்லுதீய... கடைன்னா ஒரு நா திறக்கதும் ஒரு நா மூடுததும் உள்ளதுதான். பிள்ளைய சாப்புட்டுச்சா?" என்றார்.

"சாப்பிட்டாங்க. போர்டுல உங்க பேரை எழுதலாமா?"

"அதெல்லாம் வேண்டாம்மா."

"சரி, எழுதலை. உங்க நட்சத்திரம் மட்டும் சொல்லுங்க. பௌர்ணமி அர்ச்சனைல சொல்லணும்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்குக் கேட்டை. வீட்ல அவளுக்கு அனுஷம்."

இப்போது ஒவ்வொரு பௌர்ணமியும் எங்கள் பிள்ளையார் அந்த இரண்டு நட்சத்திரங்களையும் கேட்கிறார். உங்கள் தெருவிலும் ஓர் அண்ணாச்சி நிச்சயம் இருப்பார். அவர் கடை மூடும் முன்பே போய், அவர் நட்சத்திரத்தைக் கேட்டுவிடுங்களேன்!